பேரன் கேட்கிறான்: பாம்புக்குக் காது உண்டா?

நம் வழிபாட்டில் பாம்பு இல்லாத இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். ஈசனுக்கு அது ஆபரணம், பெருமாளுக்குப் பாயல், பிள்ளையாருக்கு அரைஞாண், அம்மனுக்குக் குடை. முருகன் ஏறிவரும் மயிலின் காலடியிலும் ஒன்று இருக்கிறது. தாம்பரத்தைச் சுற்றியே பாருங்கள். திருநீர்மலையில் மலைமேல் அரங்கநாதர் அரவணையில் பள்ளிகொண்டிருக்கிறார். சேக்கிழார் பெருமான் தாம் பிறந்த குன்றத்தூரில் எழுப்பிய திருநாகேஸ்வரம், தொண்டை நாட்டின் ராகு தலமாகப் போற்றப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தில் அங்கே பால் குடத்துடன் நிற்காத பெரியவர்கள் நம்மில் குறைவு.

ஆனால் அதே நாம், மழை நாளில் வாசற்படியோரம் ஓர் உண்மையான பாம்பு நெளிந்தால் என்ன செய்கிறோம்? தெருவே தடி எடுத்துவிடுகிறது. சிலையாக இருந்தால் கும்பிடுவது, உயிரோடு வந்தால் அடிப்பது என்ற இரண்டு வழிகளை மட்டுமே நாம் பழகி வைத்திருக்கிறோம். அறிந்துகொள்வது என்ற மூன்றாவது வழியொன்று உண்டு. அந்த வழியில் முதலில் காலெடுத்து வைப்பவர்கள் குழந்தைகள்.

சேலையூரிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். எட்டு வயதுப் பேரனுக்கு எந்நேரமும் பாம்பின் நினைவுதானாம். பாம்புக்குக் காது உண்டா, பால் குடிக்குமா, பழி வாங்குமா என்று ஓயாத கேள்விகள். நோட்டுப் புத்தகம் முழுவதும் பாம்புப் படங்கள். 'விளக்கு வைத்த பிறகு அதன் பெயரைச் சொல்லாதே, பூச்சி என்று சொல்' என்று அதட்டிப் பார்த்தாராம், அடங்கவில்லை. 'இது ஏதேனும் நாக தோஷமாக இருக்குமோ? பரிகாரம் செய்ய வேண்டுமா? அல்லது கண்டித்து வளர்க்க வேண்டுமா?' என்று கேட்கிறார்.

அம்மா, இது தோஷமன்று, அறிவின் பசி. அந்தப் பசிக்குச் சரியான உணவிட வேண்டிய பொறுப்பு, வீட்டில் பகல் முழுவதும் குழந்தையுடன் இருக்கும் நம்மைப் போன்ற பெரியவர்களுடையது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நெருங்கும் வேளையில் உங்கள் கடிதம் வந்திருப்பதும் பொருத்தமே.

ருருவின் கையில் இருந்த தடி

மகாபாரதத்தின் ஆதி பர்வத்தில் ருரு என்னும் முனிகுமாரனின் கதை வருகிறது. அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பிரமத்வரை என்ற கன்னி, தோழியருடன் விளையாடும்போது கவனியாமல் ஒரு பாம்பை மிதித்துவிடுகிறாள். கடியுண்டு உயிர் துறக்கிறாள். ருரு தன் ஆயுளில் பாதியைக் கொடுத்து அவளை மீட்கிறான். மணமும் நடக்கிறது. ஆனால் அவன் சினம் ஆறவில்லை. கண்ணில் படும் பாம்புகளையெல்லாம் கொல்வதென்று தடியுடன் அலைகிறான்.

ஒருநாள் டுண்டுபம் என்னும் பாம்பின்மீது தடியை ஓங்குகிறான். அது விஷமற்ற இனம். அந்தப் பாம்பு அவனிடம் பேசுகிறது. 'உனக்கு நான் எந்தத் தீங்கும் செய்யவில்லையே! மனிதரைக் கடிப்பவை வேறு பாம்புகள். பெயரளவில் மட்டுமே நாங்கள் பாம்புகள். வேறுபாட்டை அறிந்த நீ எங்களைக் கொல்லலாகாது' என்பது அதன் வாதத்தின் சாரம். ருரு தடியைத் தாழ்த்துகிறான். பிறகுதான் தெரிகிறது, அது சாபத்தால் பாம்பான சகஸ்ரபாதர் என்ற முனிவர் என்பது. அந்தச் சாபம் எதனால் வந்தது? இளமையில் அவர் புல்லால் ஒரு பொய்ப் பாம்பு செய்து, வேள்வியில் இருந்த நண்பனை விளையாட்டாகப் பயமுறுத்தினார். பயத்தில் மயங்கி விழுந்து தெளிந்த நண்பன், 'விஷமற்ற பாம்பாகக் கடவாய்' என்று சபித்துவிட்டான்.

இந்தச் சிறு கதைக்குள் இரண்டு பாடங்கள் உள்ளன. எல்லாப் பாம்பும் ஒன்றன்று. பிரித்தறிவதே அறிவுடைமை என்பது ஒன்று. பாம்பைக் காட்டி ஒருவரை அச்சுறுத்துவது விளையாட்டன்று என்பது மற்றொன்று. சோறு ஊட்டுவதற்கும் தூங்கவைப்பதற்கும் 'பாம்பு வருது' என்று குழந்தையை மிரட்டும் வீடுகள், சகஸ்ரபாதரைச் சற்றே நினைத்துக்கொள்ள வேண்டும்.

அதே ஆதி பர்வத்தில் ஜனமேஜய மன்னனின் சர்ப்ப யாகமும் வருகிறது. தந்தை பரீட்சித்து தட்சகனால் மாண்டதற்குப் பழியாக, உலகிலுள்ள நாகங்களையெல்லாம் நெருப்பில் விழச் செய்கிறான் மகன். பெரிய முனிவர்கள் கூடியிருந்த அந்த யாகசாலையில், நிறுத்துங்கள் என்று வரம் கேட்டு நிறுத்தியவர் யார்? ஆஸ்திகன் என்னும் சிறுவன். பெரியவர்களின் கோபத்தை ஒரு பிள்ளையின் அறிவு தணித்தது என்பதைத்தான் நம் இதிகாசம் சொல்லி வைத்திருக்கிறது.

கண்ணனும் காளிங்கனைக் கொல்லவில்லை. அவன் தலைமீது நடனமாடி, செருக்கை அடக்கி, யமுனையை விட்டுக் கடலிலுள்ள ரமணகத் தீவுக்குப் போகச் சொன்னான். ஊருக்குள் வந்த பாம்பைப் பிடித்துக் காட்டில் விடும் இன்றைய வழக்கத்துக்கு இதைவிடப் பழைய முன்மாதிரி வேண்டுமா?

உங்கள் ஊரிலேயே தொடங்கிய கதை

சேலையூர்ப் பாட்டியம்மாளுக்கு ஒரு செய்தி. இந்தியாவின் முதல் பாம்புப் பண்ணை, 1970ஆம் ஆண்டை ஒட்டி, உங்கள் சேலையூரில்தான் சிறிய அளவில் தொடங்கியது. அமைத்தவர் ரோமுலஸ் விட்டேக்கர். 1943இல் அமெரிக்காவில் பிறந்து, சிறுவனாகத் தாயுடன் இந்தியா வந்து, கொடைக்கானலில் பள்ளிப்படிப்பை முடித்தவர். சின்னஞ்சிறு வயதிலேயே பாம்புகள்மீது அவருக்கு ஏற்பட்ட ஈடுபாட்டை அவருடைய தாய் தடுக்கவில்லை; ஊக்கம் கொடுத்தார். அந்தத் தாய் அன்று அருவருத்து அதட்டியிருந்தால், பின்னால் நிகழ்ந்தவற்றுள் பல நிகழ்ந்திருக்க மாட்டா.

சேலையூர்ப் பண்ணை 1972இல் கிண்டிக்கு இடம் பெயர்ந்தது. நம் பிள்ளைகளைக் கைப்பிடித்து நாம் அழைத்துச் சென்ற பாம்புப் பண்ணை அதுதான். 1976இல் மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை எழுந்தது. பாம்புத் தோல் ஏற்றுமதியும் அந்தக் காலத்தில்தான் தடை செய்யப்பட்டது. அந்தத் தோல் வணிகத்துக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்து வயிறு வளர்த்த இருளர் பழங்குடியினர் நடுத்தெருவில் நின்றார்கள். அவர்களுக்காக 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று.

வங்கியில் பணியாற்றியவன் என்ற முறையில் எத்தனையோ கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நஞ்சையே மூலதனமாக வைத்து உயிரை வட்டியாகத் திருப்பித் தரும் சங்கம் இது ஒன்றுதான். வயல்வெளியில் பிடித்த பாம்புகளை மண் பானைகளில் வைத்து, சில வாரங்களுக்குள் சில முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, மீண்டும் வெளியில் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து, விஷமுறிவு மருந்து தயாரிக்கப்படுகிறது. நாடெங்கும் மருத்துவமனைகளில் ஏற்றப்படும் அம்மருந்தின் பெரும்பகுதிக்கு மூலப்பொருள் நம் செங்கற்பட்டுச் சீமையிலிருந்து போகிறது.

இருளர் வீட்டுக் குழந்தைக்கு இந்த வித்தையைக் கற்றுத்தர வகுப்பறை இல்லை. தாத்தாவின் பின்னால் வரப்பில் நடந்து, தடம் பார்த்து, செதில் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. அப்படிக் கற்ற மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரையும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் வரவழைத்தது. அங்குள்ள சதுப்புக் காடுகளில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிப்பதற்காக! இரண்டே வாரங்களில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2018இல் விட்டேக்கருக்கும், 2023இல் இந்த இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பேரனிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். விளக்கு வைத்த பிறகும் சொல்லலாம்.

கேள்விகளுக்குச் சில விடைகள்

பேரனுடைய கேள்விகளுக்கு வருவோம். பாம்புக்குப் புறச்செவி இல்லை. ஆனால் உட்செவி உண்டு. தரையின் அதிர்வைத் தாடையெலும்பின் வழியே நன்றாக உணரும். மகுடியின் முன் அது ஆடுவது ராகத்துக்காக அன்று. ஊதுபவரின் கையசைவைக் கண்டு எச்சரிக்கையுடன் அசைகிறது. நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது கடிப்பதற்கு அன்று. காற்றிலுள்ள வாசனையை நாவால் எடுத்து வாயின் மேற்புறத்திலுள்ள ஓர் உறுப்பால் அறிந்துகொள்கிறது.

பழி வாங்குமா? ஆளை அடையாளம் வைத்துத் துரத்தும் நினைவாற்றல் அதற்கு இல்லை. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, மரத்தின்மேல் ஏறிச் சிதைப்புகையைப் பார்க்கும் என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, பாவம், அது மனிதருக்கு நஞ்சில்லாத பாம்பு. 'அரணை கடித்தால் மரணம்' என்பதும் அப்படியே. அரணைக்கு நஞ்சு கிடையாது. பின்னிப் பிணைந்து எழும் இரண்டு பாம்புகளைச் சாரையும் நாகமும் கூடுவதாகக் கருதி வேட்டி போர்த்துவோம். பெரும்பாலும் அவை இரண்டும் ஆண் சாரைகள். ஒன்றையொன்று தரையில் அழுத்தி வலிமை பார்க்கும் மல்யுத்தம் அது.

பால் குடிக்குமா என்ற கேள்விக்கு விடை சொல்லப் பெரியவர்களுக்குச் சற்றே தயக்கம் வரும். பாம்பு ஊனுண்ணி, பால் அதன் உணவன்று, செரிப்பதும் இல்லை. நீரின்றித் தவிக்கவிடப்பட்ட பாம்பு எந்தத் திரவத்தையும் குடிக்கும். அதைத்தான் வித்தை காட்டுபவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். புற்று என்பது கறையான்கள் கட்டிய வீடு. அதன் துவாரத்தில் குடம் குடமாகப் பாலை வார்த்தால், உள்ளே தங்கியிருக்கும் எந்த உயிருக்கும் அது துன்பம். நாக சதுர்த்தியன்று நாகர் சிலைக்குப் பாலபிஷேகம் செய்யலாம். புற்றுக்கு மஞ்சளும் பூவும் புறத்தே சாற்றி, மீதிப் பாலை நைவேத்தியமாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். பக்தி சிறிதும் குறையாது, ஜீவகாருண்யம் கூடும்.

ஏன் இந்த அறிவு இன்றியமையாதது?

இதுவரை சொன்னது சுவைக்காக. இனிச் சொல்வது உயிருக்காக.

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று 2020இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. அவர்களுள் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். நம் நாட்டில் 300க்கும் மேற்பட்ட பாம்பினங்கள் உண்டு. அவற்றுள் பெரும்பாலான மரணங்களுக்குக் காரணமானவை நான்கே: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மருத்துவமனையில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து இந்த நான்கின் நஞ்சுக்கும் சேர்த்தே செய்யப்பட்டது. தமிழக அரசும் 2024 நவம்பரில், பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

இந்நான்கில் கட்டுவிரியனைப் பற்றிப் பெரியவர்கள் தனியே அறிந்திருக்க வேண்டும். அது இரவில் உலவுவது. தரையில் உறங்குபவரைக் கடித்தால் பல நேரங்களில் வலியும் இராது, வீக்கமும் இராது, பல் பட்ட தடமும் தெரியாது. விடியற்காலையில் குழந்தை வயிறு வலிக்கிறது என்று சொல்லும், வாந்தி எடுக்கும், கண்ணிமைகள் தாமாகச் சரியும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சுக் குழறும். நேற்றுச் சாப்பிட்டது சேரவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தால் மூச்சு நின்றுவிடும். மழைக்காலத்தில் இப்படி நேர்ந்தால் ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். கட்டிலில் படுக்கவைத்து, கொசுவலையின் விளிம்பை மெத்தைக்கு அடியில் செருகிவிடுவது எளிய, சிறந்த காப்பு.

இன்னொன்றும் உண்டு, அது நம் கையில் மட்டுமே இருப்பது. புதரோரம் விளையாடிய குழந்தையை ஏதோ கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'அங்கே போகாதே என்று சொன்னேனே' என அடி விழும் வீடாக இருந்தால், குழந்தை அதை மறைத்துவிடும். மறைக்கும் ஒவ்வொரு நிமிடமும் நஞ்சுக்குச் சாதகம். பாம்பைப் பற்றித் தாத்தாவிடமும் பாட்டியிடமும் நாள்தோறும் பேசிப் பழகிய குழந்தை ஓடி வந்து சொல்லும். ஆகவே, பேரனுடைய வாயைப் பூச்சி என்று சொல்லி அடைக்காதீர்கள். அவன் பேசிக்கொண்டே இருப்பதுதான் அவனுக்கு ரட்சை.

கடி நேர்ந்தால் செய்ய வேண்டியவற்றைக் குழந்தைக்கும் கற்றுக்கொடுங்கள். பதறக் கூடாது, ஓடக் கூடாது. கடிபட்ட கை அல்லது காலை அசைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டுவதும், கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் தீங்கு. மோதிரம், கொலுசு இருந்தால் கழற்றிவிட வேண்டும். பாம்பைத் தேடிப் பிடித்து எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. 108க்குச் சொல்லி, அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மந்திரிக்க வேண்டுமென்று தோன்றினால் வண்டியில் போகும்போது ஸ்தோத்திரம் சொல்லுங்கள். மந்திரிப்பவரைத் தேடி வண்டியைத் திருப்பாதீர்கள்.

எப்படி ஊக்குவிப்பது?

வங்கியில் காசாளராகப் புதிதாகச் சேர்பவர், நல்ல நோட்டின் நீரோட்டத்தையும் நூலிழையையும் பார்த்துப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்வார். அதன்பின் கள்ள நோட்டு தானே கண்ணில் உறுத்தும். பாம்பறிவும் இப்படித்தான் வரும். கட்டுவிரியனைப் போலவே உடலில் பட்டைகள் கொண்ட வெள்ளிக்கோல் வரையன் என்னும் நஞ்சற்ற பாம்பை, பழகாத கண் கட்டுவிரியன் என்றே கொள்ளும். மாறாக நினைத்துவிட்டாலோ விபரீதம். எனவே ஊக்குவிக்கும்போதே ஓர் எல்லையும் வகுத்துவிடுங்கள். படத்திலும் கண்ணாடிக்குப் பின்னாலும் எவ்வளவு வேண்டுமானாலும் உற்றுப் பார்க்கலாம். வெளியில் எந்தப் பாம்பைக் கண்டாலும் நஞ்சுள்ளது என்றே கருதி, நின்று, மெல்லப் பின்வாங்கி, பெரியவரை அழைக்க வேண்டும். கல் எறியவும் கூடாது. கை நீட்டவும் கூடாது. பெரியவர் தீயணைப்பு மீட்புப் பணியினரையோ வனத்துறையையோ அழைக்க வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பாம்பை அடித்துக் கொல்வதும் வீட்டில் வைத்துக்கொள்வதும் குற்றம்.

தாம்பரத்துக்காரர்களுக்கு இதற்கான கல்விச்சாலைகள் வெகு அருகில் உள்ளன. வண்டலூர் உயிரியல் பூங்கா, கிண்டிப் பாம்புப் பண்ணை, வடநெம்மேலி முதலைப் பண்ணை மூன்றுக்கும் பேரனை ஒவ்வொரு விடுமுறையில் அழைத்துச் செல்லலாம். வடநெம்மேலியில் இருளர் நஞ்செடுக்கும் முறையையும் காணலாம். தை முதல் பங்குனி வரை நம் கடற்கரையில் ஆமைகள் முட்டையிட வரும். 1988இலிருந்து மாணவர்கள் இரவு முழுவதும் மணலில் நடந்து அந்த முட்டைகளைக் காத்து வருகிறார்கள். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். அமீனாவைப் பற்றி வங்கிக்காரன் வாதாட மாட்டேன். கூர்மாவதாரத்தை வணங்கும் நாம் ஆமையை அப்படிச் சொல்லலாமா என்று பேரன் கேட்டால், நியாயம் அவன் பக்கம்தான்.

செலவே இல்லாத பாடமும் உண்டு. சுவரிலுள்ள பல்லி தலைகீழாக விழாமல் நடப்பது எப்படி? வேலியோர ஓணானின் கழுத்து ஏன் சிவக்கிறது? வேப்பமரத்தடியில் கிடந்த பாம்புச் சட்டை எப்படிக் கழன்றது? இவற்றை இருவரும் சேர்ந்து பாருங்கள். விடை தெரியாத இடத்தில், தெரிந்துகொள்வோம் வா என்று நூலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஓணானைக் கல்லால் அடித்து விளையாடும் பிள்ளைக்கும், ஓணானின் கண் தனித்தனியே சுழல்வதைப் பார்த்து வியக்கும் பிள்ளைக்கும் உள்ள தூரம், பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர்தான்.

முடிச்சூர், வரதராஜபுரம் பகுதியினர் 2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டார்கள். ஏரியும் சதுப்பும் வயலும் இருந்த இடங்களில்தான் இன்று நம் மனைகள் இருக்கின்றன. மழை வந்தால் பாம்பு நம் வீட்டுக்குள் நுழைவதாகச் சொல்கிறோம். அதற்குப் பேசத் தெரிந்திருந்தால் வேறு விதமாகச் சொல்லியிருக்கும்.

சேலையூர் அம்மா, பரிகாரம் கேட்டீர்களே, ஒன்று சொல்கிறேன். அடுத்த ஞாயிறு பேரனைக் குன்றத்தூருக்கு அழைத்துச் செல்லுங்கள். நாகேஸ்வரரை வணங்கிவிட்டுப் பிராகாரத்தில் அமர்ந்து, ருருவின் கதையையும் ஆஸ்திகனின் கதையையும் சொல்லுங்கள். வீடு திரும்பும் வழியில் பாம்புகளைப் பற்றி ஒரு நல்ல தமிழ்ப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். நாகாபரணன் அந்தக் குழந்தைக்குக் கூரிய அறிவையும் நீண்ட ஆயுளையும் அருள்வானாக.